ஆங்கில ‘பை’க்கு ‘ஆல்’ மட்டும் போதாது

ஆங்கிலத்தில் ‘பை’ என்று ஒரு குட்டிச் சொல் இருக்கிறது, பி, வை என்று இரண்டே எழுத்து. கடையில் சாமான் வாங்குகிற ‘பை’ இதில்லை, அதற்கு நடுவில் ஒரு யூ உண்டு. நம்மில் முக்கால்வாசிப் பேர் இந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டு வினை படிக்கும்போதுதான் முதலில் சந்திக்கிறோம். ‘ராமனால் ராவணன் கொல்லப்பட்டான்’ என்று கரும்பலகையில் ஒரு வசனம், ‘பை’ என்றால் ‘ஆல்’ என்று ஒரு விளக்கம், அவ்வளவுதான், மணி அடித்துவிடும். அதற்குப் பிறகு எங்கே ‘பை’யைப் பார்த்தாலும் மண்டைக்குள் ‘ஆல்’ என்றே கேட்கும். ‘பை ஃப்ரைடே’ என்று ஒரு கடிதம் வந்தால் வெள்ளிக்கிழமையால் என்ன செய்வது என்று முழிக்க வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் ‘ஆல்’ என்பதைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு ‘பக்கத்தில்’ என்பதிலிருந்து தொடங்குங்கள் என்பேன். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அதுதான் அடிப்படைப் பொருள். ஜெர்மன் மொழியிலும் இதே சொல் உறவுக்காரராக இருக்கிறது, உச்சரிப்பும் ‘பை’ என்றே, அங்கே இன்றைக்கும் அது முதலில் ‘பக்கத்தில்’, ‘இடத்தில்’ என்றுதான் பொருள்படும். பக்கத்தில் நிற்பதிலிருந்து கிளம்பி, கடந்துபோவது, கெடு, செய்தவர், வழி, அளவு என்று ஆங்கிலத்தில் அது எங்கெங்கோ போயிருக்கிறது. தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உருபு வேண்டியிருப்பதால் நமக்கு அது ஐந்தாறு சொற்கள் போலத் தெரிகிறது.

முதலில் இடம். ‘எ டீ ஷாப் பை த ரோட்’ என்றால் ரோட்டோரத்துத் தேத்தண்ணிக் கடை. ‘எ பார்க் பை த லேக்’ என்றால் ஏரிக்கரையில் இருக்கும் பூங்கா, நுவரெலியா கிரகரி ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். இதே இடத்தில் ‘நியர்’ போடலாமே என்றால் போடலாம், ஆனால் சொல்வது கொஞ்சம் மாறும். ‘நியர்’ என்பது கிட்டத்தில் என்ற பொதுவான பேச்சு. தலவாக்கலை ஹட்டனுக்கு ‘நியர்’ என்று ஒருவர் சொன்னால் சண்டைக்குப் போக முடியாது. ‘பை’ அப்படியல்ல, ஒட்டி, ஓரத்தில், எழுந்து நின்றால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும். நம் ‘ஓரம்’ என்ற சொல் இதற்குச் சரியாகப் பொருந்தும்: ஆற்றோரம், ரோட்டோரம், ஜன்னலோரம். பதுளை ரயிலில் ‘எ சீட் பை த விண்டோ’வுக்காக நடக்கிற தள்ளுமுள்ளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருள் மறக்காது.

பக்கத்தில் இருப்பது நகரத் தொடங்கினால் கடந்துபோவதாகிறது. ‘ஹி வாக்ட் பை’ என்றால் பக்கத்தால் நடந்து போய்விட்டான், நிற்கவில்லை. வழிப்போக்கருக்கு ஆங்கிலத்தில் ‘பாஸர் பை’, ஊருக்குள் நுழையாமல் ஓரமாகச் சுற்றிப்போகும் பாதைக்கு ‘பைபாஸ்’. எந்தப் பாதையால் வந்தோம் என்று சொல்லவும் இதுதான்: ‘வீ கேம் பை த ரம்பொடை ரோட்’, ரம்பொடைப் பாதையால் வந்தோம். இங்கே பாருங்கள், ‘ஆல்’ தானாகவே வந்துவிட்டது. அதனால் ‘ஆல்’ பிழை என்று நான் சொல்லவில்லை, அது மட்டும்தான் என்பதுதான் பிழை.

இனி நேரம். வேலை, படிப்பு, விண்ணப்பம் என்று எதற்கு ஆங்கிலத்தில் எழுதினாலும் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

‘செண்ட் த ஃபார்ம் பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தை அனுப்பு. திங்கள் அனுப்பலாம், புதன் அனுப்பலாம், வெள்ளி அனுப்பினாலும் சரி, சனிக்கிழமை என்றால் பிந்திவிட்டது. தமிழில் ‘க்குள்’ செய்கிற வேலை இது, ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் நாம் பேச்சில் ‘வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு’ என்றும் சொல்வோம் இல்லையா, அந்த ‘வரை’ தலைக்குள் புகுந்து ‘அன்டில்’ என்ற சொல்லை இழுத்து வந்துவிடும். ‘அன்டில் ஃப்ரைடே’ என்பது வேறு கதை. அது வெள்ளிக்கிழமை வரை ஒரு காரியம் விடாமல் நீடிப்பதைச் சொல்வது. ‘பை’ அதற்குள் எப்போதோ ஒருமுறை நடந்து முடிகிற காரியத்துக்கு.

உதாரணமாக, கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் தீபாவளிக்கு லீவு எடுத்துக்கொண்டு மஸ்கெலியாவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று வையுங்கள். முதலாளிக்கு மெசேஜ் போடுகிறார், ‘ஐ வில் பி அட் ஹோம் பை சண்டே’. தம்பி சொல்ல நினைத்தது ஞாயிறு வரை வீட்டில் இருப்பேன் என்று. முதலாளிக்குப் புரிவது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவேன், அதாவது இன்னும் போகவில்லை என்று. இன்னும் கிளம்பவில்லையென்றால் நாளைக்கு வேலைக்கு வரலாமே என்று அவர் கேட்டால் அவர்மீது என்ன குற்றம்? ‘அன்டில் சண்டே’ என்றிருந்தால் பிரச்சினையே இல்லை.

சந்தேகம் வந்தால் வினைச்சொல்லைப் பாருங்கள். இரு, காத்திரு, தங்கு, வேலை செய், தூங்கு போல இழுத்துக்கொண்டே போகக்கூடிய வினைக்கு ‘அன்டில்’. முடி, அனுப்பு, கட்டு, வந்து சேர், திருப்பிக் கொடு போல ஒரே வெட்டில் முடிகிற வினைக்கு ‘பை’. காத்திருப்பது வெள்ளி வரை, கடனைக் கட்டுவது வெள்ளிக்குள். தமிழிலேயே இரண்டையும் சொல்லிப் பார்த்து, ‘வரை’ ஒட்டுகிறதா ‘க்குள்’ ஒட்டுகிறதா என்று காதில் கேட்டுப் பார்த்தாலும் போதும், பத்துக்கு ஒன்பது தடவை காது சரியாகச் சொல்லிவிடும்.

‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் வியாழக்கிழமையோடு கணக்கு முடிந்தது, வெள்ளி சேராது. ‘பை ஃப்ரைடே’யில் வெள்ளியும் சேரும் என்றுதான் சாதாரணமாக எடுத்துக்கொள்வார்கள், ஆனாலும் வழக்கு வம்பு வரக்கூடாது என்று நினைக்கிற அரசாங்க அறிவித்தல்களில் ‘ஆன் ஆர் பிஃபோர்’, அந்தத் திகதியில் அல்லது அதற்கு முன்னர், என்று நீட்டி எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இதே ‘க்குள்’ பொருளில் இன்னும் இரண்டு உண்டு. ‘பை த டைம்’ என்றால் ‘அதற்குள்’. ‘பை த டைம் ஐ கேம் டௌன் டு த ரோட், த பஸ் ஹேட் கான்’, நான் ரோட்டுக்கு இறங்கி வருவதற்குள் பஸ் போய்விட்டது. மேட்டு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு இந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று ‘பை நௌ’, நம் ‘இந்நேரம்’. ‘ஹி மஸ்ட் பி இன் ஹட்டன் பை நௌ’, இந்நேரம் ஹட்டனில் இருப்பான்.

பழைய சங்கதிகளைச் சொல்லும்போதும் இந்தப் ‘பை’ வரும். மலைநாட்டு ரயில் பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது, 1894இல் பண்டாரவளையை, 1924இல்தான் பதுளையை. இப்போது ‘பை 1900, த லைன் ஹேட் ரீச்ட் பண்டாரவளை’ என்று ஒரு புத்தகத்தில் எழுதியிருந்தால் 1900இல் பாதை திறந்தார்கள் என்று வாசிக்கக்கூடாது. 1900ஆம் ஆண்டாகும்போது அந்தக் காரியம் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது என்பதுதான் அர்த்தம். முடிந்துவிட்டிருந்தது என்ற அந்த நீட்டலைத்தான் ‘ஹேட்’ காட்டுகிறது. வரலாற்றுப் பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகள் இந்த ஒரு இடத்தில் ஆண்டைத் தவறாகக் குறித்துக்கொள்வது சகஜம்.

சரி, இப்போது பள்ளிக்கூடத்து ‘ஆல்’ பக்கம் வருவோம். ஒரு காரியத்தைச் செய்தவர் யார், அல்லது எது, என்பதை ‘பை’ காட்டும். இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் 1869இலிருந்து பரவிய இலைநோயால் அழிந்தன, அங்கே ‘டெஸ்ட்ராய்ட் பை எ லீஃப் டிசீஸ்’. கண்டிக்குப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் தொரை (தோட்ட அதிகாரி) தேயிலை பயிரிட்டார் என்பதைத் திருப்பிப் போட்டால் ‘ப்ளாண்டட் பை ஜேம்ஸ் டெய்லர்’. (காட்டை வெட்டி, குழி தோண்டி, கன்று வைத்த கைகள் யாருடையவை என்பதை அந்தப் ‘பை’ சொல்லாது; செயப்பாட்டு வினையில் பெயர் ஏறுகிறவர் எப்போதும் தொரைதான்.)

தமிழ் ‘ஆல்’ நம்மை ஏமாற்றுவது இங்கேதான். தேயிலைச் செடி மறுபடி தழைக்கக் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறார்கள். செடி மணியால் வெட்டப்பட்டது என்றும் சொல்வோம், கத்தியால் வெட்டப்பட்டது என்றும் சொல்வோம், தமிழுக்கு மணியும் ஒன்று, கத்தியும் ஒன்று. ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடும்: ‘பை மணி’, ஆனால் ‘வித் எ நைஃப்’. செய்கிற ஆளுக்கு ‘பை’, அந்த ஆள் கையில் பிடித்திருக்கும் சாமானுக்கு ‘வித்’. ‘கட் பை எ நைஃப்’ என்று எழுதினால் கத்தி தானாகக் கிளம்பிப்போய் வெட்டியது போலத் தொனிக்கும். பேனையால் எழுதினேன், துணியால் துடைத்தேன், பணத்தால் நிரப்பினான், எல்லாமே ‘வித்’ பக்கம். மண்சரிவு, மின்னல், வெள்ளம், சிறுத்தை இவற்றுக்குப் பின்னால் பிடித்திருக்கும் ஆள் கிடையாது, அவையே ஆள், அதனால் ‘பை’: ‘த ரோட் வாஸ் ப்ளாக்ட் பை எ லேண்ட்ஸ்லைட்’.

‘ஆல்’ செய்கிற மூன்றாவது வேலை இன்னும் மோசம். மழையால் வரவில்லை, காய்ச்சலால் படுத்துவிட்டேன் என்று காரணம் சொல்லவும் நமக்கு அதே உருபுதான். அதை அப்படியே தூக்கிப் போட்டு ‘பை த ரெயின் ஐ டிட் நாட் கம்’ என்று லீவுக் கடிதத்தில் எழுதுகிறார்கள். காரணத்துக்கு ‘பிகாஸ் ஆஃப்’ போட வேண்டும், ‘பை’ அந்த வேலைக்கு வராது. அதேபோல ‘என்னால் முடியாது’ என்பதில் இருக்கும் ‘ஆல்’ ஆங்கிலத்தில் இல்லவே இல்லை, ‘ஐ கான்ட்’ என்றதோடு முடிந்துவிடும். ஆக ஒரு ‘ஆல்’ வந்தால் ஆளா, ஆயுதமா, காரணமா என்று பாருங்கள், ஆள் என்றால் மட்டும் ‘பை’.

எழுதியவர், வரைந்தவர், படம் பிடித்தவர் பெயருக்கு முன்னாலும் இதே ‘பை’. ‘எ ஃபோட்டோ பை மை பிரதர்’ என்றால் தம்பி எடுத்த படம். ‘எ ஃபோட்டோ ஆஃப் மை பிரதர்’ என்றால் படத்தில் இருப்பது தம்பி. தமிழில் ‘தம்பியின் படம்’ என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துவிடலாம், ஆங்கிலத்தில் முடியாது.

போக்குவரத்து சுலபம். பை பஸ், பை ட்ரெயின், பை த்ரீவீலர். கவனிக்க வேண்டியது ஒன்றுதான், நடுவில் ‘எ’, ‘த’, ‘மை’ எதுவும் நுழையக்கூடாது. நீங்கள் சொல்வது குறிப்பிட்ட ஒரு பஸ்ஸை அல்ல, பஸ் என்கிற வழியை. மாமாவின் வேனில் போனோம் என்று குறிப்பிட்டுச் சொல்ல வந்தால் ‘பை’ விலகிக்கொண்டு ‘இன் மை அங்கிள்ஸ் வேன்’ ஆகிவிடும். நடந்து போவதற்கு ‘ஆன் ஃபுட்’, அது ஏன் அப்படி என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் பாடமாக்கிவிடுங்கள். பை போஸ்ட், பை ஃபோன், பை செக், பை ஹேண்ட், இவையும் இதே ரகம்.

ஒரு வேலையை எப்படிச் செய்தோம் என்று சொல்ல ‘பை’யோடு ‘இங்’ சேர்ந்த வினை வரும். ‘ஷி லேர்ன்ட் இங்லிஷ் பை ரீடிங் த பேப்பர்’, பேப்பர் வாசித்து வாசித்தே ஆங்கிலம் படித்துக்கொண்டாள். தமிழில் இதற்கு உருபே வேண்டாம், ‘வாசித்து’ என்ற எச்சம் போதும். அதனால்தான் பலர் ‘பை’யை விட்டுவிடுகிறார்கள், அல்லது ‘பை டு ரீட்’ என்று எழுதுகிறார்கள். ‘பை’க்குப் பின்னால் ‘டு’ ஒட்டிய வினை ஒருநாளும் வராது.

அடுத்தது அளவு, இதில் பணம் சம்பந்தப்பட்டிருப்பதால் கவனமாக இருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளருக்கு 2021இல் நாளொன்றுக்கு 1000 ரூபாய் என்று நிர்ணயமான சம்பளம் 2024இல் 1350 ஆனது. இதை ஆங்கிலச் செய்தியில் இரண்டு விதமாக எழுதலாம். ‘இன்கிரீஸ்ட் பை 350’ என்றால் 350 ரூபாய் கூடியது. ‘இன்கிரீஸ்ட் டு 1350’ என்றால் கூடி 1350 ஆனது. ‘பை’ வித்தியாசத்தைச் சொல்லும், ‘டு’ போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்லும். இரண்டையும் மாற்றி ‘பை 1350’ என்று எழுதினால் சம்பளம் 2350 ஆகிவிடும், அப்படி ஒரு செய்தி வந்தால் தோட்டம் தோட்டமாகப் பட்டாசு வெடிக்கும். (அதே 2024இல் சம்பளத்துக்கு வெளியே ஊக்கக் கொடுப்பனவு என்று இன்னொரு 350 பேசப்பட்டது, அது வேறு 350.) விலை குறைந்தது, பஸ் கட்டணம் ஏறியது, ஒரு நிமிசத்தில் ரயிலைத் தவறவிட்டேன், எல்லாவற்றிலும் வித்தியாசத்துக்கு ‘பை’தான்.

கூலி எந்தக் கணக்கில் என்று சொல்லவும் இதுவே. கிலோ கணக்கில் சம்பளம் என்றால் ‘பெய்ட் பை த கிலோ’, நாள் கணக்கில் என்றால் ‘பெய்ட் பை த டே’. கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் தெரியும், பேர் விழுமா (முழுநாள் சம்பளம்) அரைப் பேரா (அரைநாள் சம்பளம்) என்பதே அதில்தான் இருக்கிறது. பஸ்ஸில் நுழையவே கூடாது என்று சொன்ன ‘த’ இங்கே கட்டாயம் வரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் நியாயம் தேட வேண்டாம்.

நீள அகலத்துக்கும் அதே சொல். லயத்துக் காம்பரா (அறை) பத்துக்குப் பன்னிரண்டு அடி என்கிறோமே, ஆங்கிலத்தில் அது ‘டென் பை ட்வெல்வ்’. நாம் ‘க்கு’ போடுகிற இடத்தில் அவர்கள் ‘பை’ போடுகிறார்கள், அவ்வளவுதான். பெருக்கலும் வகுத்தலும் சொல்லவே வேண்டாம், மூன்றால் பெருக்கு, நான்கால் வகு என்று கணக்குப் பாடத்தில் நாம் சொல்வதும் ‘ஆல்’தானே.

மிச்சம் இருப்பவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம், இவை பெரும்பாலும் அப்படியே மனதில் வைக்க வேண்டிய சொற்கள். மனப்பாடம் ‘பை ஹார்ட்’, தவறுதலாக ‘பை மிஸ்டேக்’, ஒவ்வொருவராக ‘ஒன் பை ஒன்’, கொஞ்சம் கொஞ்சமாக ‘லிட்டில் பை லிட்டில்’. சட்டப்படி, என் மணிக்கூட்டின்படி என்கிற ‘படி’க்கும் ‘பை’ வரும்: ‘பை லோ’, ‘பை மை வாட்ச்’. பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது ‘பை த ஹேண்ட்’. சிவனொளிபாத மலைக்கு இரவில் ஏறுவதை ‘பை நைட்’ என்று எழுதலாம், ‘அட் நைட்’ என்றாலும் குற்றமில்லை. ‘பை ஹிம்செல்ஃப்’ மட்டும் கொஞ்சம் குழப்படி. அது ‘தனியாக’ என்றும் வரும், ‘யாருடைய உதவியும் இல்லாமல் தானாகவே’ என்றும் வரும். பாட்டி ‘லிவ்ஸ் பை ஹெர்செல்ஃப்’ என்றால் தனியாக இருக்கிறார், பிள்ளை ‘டைட் ஹிஸ் ஷூஸ் பை ஹிம்செல்ஃப்’ என்றால் சப்பாத்தைத் தானே கட்டிக்கொண்டான், பக்கத்தில் ஐந்து பேர் நின்றிருக்கலாம்.

கிரிக்கெட்டில் பந்து மட்டையிலும் படாமல் உடம்பிலும் படாமல் பக்கத்தால் போக, ஓடி எடுக்கிற ‘பை’ ஓட்டம் இந்தச் சொல்லிலிருந்து பிறந்ததுதான், எழுத்தில் கடைசியில் ஒரு ஈ கூடியிருக்கிறது. ஆனால் கையசைத்து நாம் சொல்கிற ‘குட்பை’ இந்தக் குடும்பமே இல்லை. கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்ற முழு ஆங்கில வசனம் வாயில் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆனது.

எல்லாம் ஒன்றாக வரும் ஒரு வசனத்தைப் பார்ப்போம். வேலைவாய்ப்பு விளம்பரங்களில் இந்த மாதிரி இருக்கும்: ‘அப்ளிகேஷன்ஸ் சர்டிஃபைட் பை த ப்ரின்சிபல் ஷுட் பி செண்ட் பை ரெஜிஸ்டர்ட் போஸ்ட் டு ரீச் அஸ் பை 30 ஜூன்.’ முதல் ‘பை’ செய்கிற ஆள், அதிபர் உறுதிப்படுத்த வேண்டும். இரண்டாவது வழி, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்குவார்களா என்பது அவர்கள் இஷ்டம். மூன்றாவது கெடு, ஜூன் 30க்குள். அந்தக் கெடு எந்த வினையோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள், ‘செண்ட்’டோடு அல்ல, ‘ரீச்’சோடு. ஆக 30ஆம் திகதி பொகவந்தலாவைத் தபாற்கந்தோரில் முத்திரை குத்தி வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது, அன்றைக்குள் கடிதம் அவர்கள் மேசைக்குப் போயிருக்க வேண்டும். ஒரு வாரம் முந்தி அனுப்புங்கள், மழைக்காலம் என்றால் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.